சில்வர் பெயிண்ட் கேட்டு வருபவரிடம் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

புரட்டாசி பிறந்ததும் தாமிரபரணிக் கரை ஊர்களில் ஒரு சின்னச் சரக்கு சத்தமில்லாமல் நகரத் தொடங்கும். ஐம்பது மில்லி, நூறு மில்லி டப்பாக்களில் வரும் தங்க நிற, வெள்ளி நிற பெயிண்டுகள்தான் அவை. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டவர்கள் கிரீடத்துக்கும் சூலத்துக்கும் கேட்பார்கள். கொலு வைக்கும் வீட்டார் நிறம் மங்கிய பொம்மைகளுக்குக் கேட்பார்கள். பள்ளியில் அறிவியல் கண்காட்சி என்றால் ராக்கெட்டும் ரயில் எஞ்சினும் செய்கிற பிள்ளைகள் கேட்பார்கள். இவர்களோடு இப்போது இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் விமானத்தையும் டாங்கியையும் ஒட்டிச் சேர்த்து, அசல் போலவே வண்ணம் தீட்டுகிற இளைஞர்கள்.

முன்பெல்லாம் இது ஹார்டுவேர் கடைக்காரர்களின் சரக்கு. இன்று சார்ட் அட்டையும் தெர்மகோலும் பெவிகாலும் வைத்திருக்கிற மளிகைக் கடையிலேயே இதையும் எதிர்பார்க்கிறார்கள். விற்பனை சிறியதுதான். ஆனால் வம்பு பெரியது. "அண்ணாச்சி, நீங்க தந்த பெயிண்ட அடிச்சேன், பொம்மையே இளகிப் போச்சு" என்று ஒருவர் வருவார். "தொட்டா கையெல்லாம் வெள்ளியா வருது" என்று இன்னொருவர் வருவார். தங்க நிறம் பச்சை பூத்துவிட்டது என்பார் மூன்றாமவர். இந்த மூன்று புகாரிலும் பெயிண்ட் கெட்ட சரக்காக இருக்க வேண்டிய அவசியமில்லை. நல்ல பெயிண்டே தவறான பொருளின் மேல் போயிருக்கலாம்.

டப்பாவை எடுத்துக் கொடுக்கும் முன் இரண்டே கேள்விகள் கேட்டால் இந்த வம்பில் பெரும்பகுதி கடை வாசலிலேயே நின்றுவிடும். எதன் மேல் அடிக்கப் போகிறீர்கள்? எந்த உலோகம் போலத் தெரிய வேண்டும்?

டப்பாவுக்குள் இருப்பது என்ன?

சில்வர் பெயிண்டில் வெள்ளி கிடையாது, அலுமினியம் இருக்கிறது. கோல்டு பெயிண்டில் தங்கம் கிடையாது, பித்தளை இருக்கிறது. மிக மெல்லிய செதில்களாக நசுக்கிய உலோகத் தூளை வார்னிஷில் கலந்தால் அதுதான் மெட்டாலிக் பெயிண்ட். மீன் செதில் போல இந்தத் துணுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்து ஒளியைத் திருப்பி அனுப்புவதால் பளபளப்பு வருகிறது.

அலுமினியத்தில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் செதிலின் மேல் ஸ்டியரிக் அமிலம் பூசியிருப்பார்கள். மெழுகுவர்த்தி செய்பவர்களும் சோப்பு செய்பவர்களும் வாங்குகிறார்களே, அதே சரக்குதான். இந்தப் பூச்சினால் செதில்கள் வார்னிஷின் மேல்மட்டத்துக்கு மிதந்து வந்து ஏடு போலப் படியும். பளபளப்பு அதிகம், ஆனால் விரல் பட்டால் ஒட்டிக்கொண்டு வரும். ஜன்னல் கம்பிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அடிக்கிற அலுமினியம் பெயிண்ட் பெரும்பாலும் இந்த வகை. இரண்டாவது வகையில் செதில்கள் வார்னிஷுக்குள் மூழ்கியே இருக்கும். பளபளப்பு சற்றுக் குறைவு, ஆனால் கையில் வராது. மாடலுக்கும் பொம்மைக்கும் ஏற்றது இதுதான். ஜன்னல் கம்பி பெயிண்டை வாங்கிப் பொம்மைக்கு அடித்துவிட்டு "கையில் வருகிறது" என்று சொல்பவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

தங்க நிறத்துக்கு வருவோம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. துத்தநாகம் கூடினால் வெளிறிய பொன்னிறம். செம்பு கூடினால் சிவந்த பொன்னிறம். கலப்பின் அளவை மாற்றியே பலவித ‘தங்கங்களை’ எடுத்துவிடுகிறார்கள். ஆனால் பித்தளைக் குத்துவிளக்கு எதனால் கறுக்கிறதோ, அதனால்தான் பித்தளைத் தூளும் கறுக்கும். வியர்வை, உப்புக் காற்று, வார்னிஷில் இருக்கும் அமிலம் மூன்றும் அதற்குப் பகை. அதனால்தான் தூளையும் வார்னிஷையும் தனித்தனியாக விற்று, வேண்டிய அளவை அன்றன்றைக்கே கலந்துகொள்ளச் சொல்லும் வழக்கம் ஏற்பட்டது.

இந்தத் தூளுக்குப் பின்னால் வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று உண்டு. 1840-களில் லண்டனில் ஹென்றி பெஸ்ஸெமர் என்ற இளைஞர், தம் சகோதரி வரைந்த பூச்சித்திரத் தொகுப்பின் மேல் பொன் எழுத்து எழுதுவதற்காகத் தங்கத் தூள் வாங்கப் போனார். ஜெர்மனியின் நூரம்பர்க் வட்டாரத்தில் கையால் தட்டித் தட்டிச் செய்து வந்த சரக்கு அது. விலையைக் கேட்டவர் திகைத்துப் போனார். வெறும் பித்தளையின் விலையைப் போலப் பல மடங்கு! சரக்கின் மதிப்பு உலோகத்தில் இல்லை, கை வேலையில்தான் இருக்கிறது என்பது அவருக்கு உடனே விளங்கிவிட்டது. இயந்திரத்தால் தூள் செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். காப்புரிமை எடுத்தால் முறையை ஊருக்கே எழுதிக் காட்ட வேண்டும் என்பதால் அதையும் எடுக்கவில்லை. மைத்துனர்களையே வேலைக்கு வைத்துக்கொண்டு, கதவைப் பூட்டி, பல பத்தாண்டுகள் அந்த ரகசியத்தைக் காப்பாற்றினார். அந்த லாபம்தான் பின்னாளில் அவருடைய இரும்பு, எஃகு ஆராய்ச்சிக்கு முதலாக நின்றது. 1856-இல் உலகத்தையே மாற்றிய பெஸ்ஸெமர் எஃகு முறைக்கு அடித்தளம், ஒரு பொட்டலம் பித்தளைத் தூள்!

இன்று பித்தளைத் தூளுக்கு மாற்று வந்துவிட்டது. அப்பளம் போல மெல்லிய மைக்கா செதிலின் மேல் டைட்டானியம், இரும்பு ஆக்சைடுகளைப் பூசி முத்து, பொன், செம்பு நிறங்களை எடுக்கிறார்கள். இது கறுக்காது, பச்சை பூக்காது. துணிக்கு வண்ணம் தீட்ட வரும் பெவிக்ரில், கேமல் போன்ற தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் பெயிண்டுகளில் முத்து நிற, மெட்டாலிக் வரிசைகள் உண்டு. பித்தளையின் காரமான மின்னல் இதில் இருக்காது. ஆனால் அடுத்த வருஷமும் நிறம் நிற்கும். கொலுப் பொம்மை, கிரீடம் என்று கேட்பவருக்கு யோசிக்காமல் இதைக் கொடுக்கலாம்.

முதல் கேள்வி: எதன் மேல்?

‘பிளாஸ்டிக்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். பெயிண்டுக்கு அது நாலைந்து வெவ்வேறு பொருள்.

தெர்மகோல் என்பது காற்று ஊதிப் பெருக்கிய பாலிஸ்டைரீன். தின்னரோ பெட்ரோலோ பட்டால் சர்க்கரை தண்ணீரில் கரைவது போலக் கரையும். ஸ்பிரே டப்பாவின் காற்றுப் பட்டாலே குழி விழும். மகன் இரவெல்லாம் கண் விழித்துச் செய்த கோயில் கோபுரம் காலையில் அம்மைத் தழும்பு போல நிற்பதைப் பார்த்த பெற்றோர் நம் ஊரில் எத்தனையோ பேர். தெர்மகோலுக்குத் தண்ணீர் கலக்கும் பெயிண்ட் மட்டுமே. ஆயில் பெயிண்ட்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், முதலில் பெவிகாலில் காகிதத்தை நனைத்து இரண்டு சுற்று ஒட்டிக் காயவிட்ட பிறகு அடிக்கச் சொல்லுங்கள்.

பெட்டியில் வரும் விமான மாடலும் அதே பாலிஸ்டைரீன்தான், கெட்டியாக வார்த்தது. அந்த மாடலை ஒட்டும் பசையே பிளாஸ்டிக்கை லேசாகக் கரைத்துத்தான் ஒட்டுகிறது. டர்பன்டைனில் கரையும் எனாமல் பெயிண்டை மெல்லிசாக அடித்தால் தாங்கும். மர வேலைக்கும் கார் பட்டறைக்கும் வாங்கும் என்.சி. தின்னர் தாங்காது, விமான இறக்கை வதங்கிய வெற்றிலை போலாகிவிடும்.

வாளி, மக், எண்ணெய்க் கேன் முதலியவை பாலித்தீன் அல்லது பாலிபுரொப்பிலீன். இவற்றின் மேல் எந்த பெயிண்டும் சரியாக ஒட்டாது. காய்ந்ததும் நகத்தால் சுரண்டினால் தோல் போல உரியும். அதற்கென்று தனி பிரைமர் போட வேண்டும், அதுவும் நம் ஊரில் எளிதில் அகப்படுவதில்லை. எது எந்த பிளாஸ்டிக் என்று கண்டுபிடிக்க ஒரு டம்ளர் தண்ணீர் போதும். மறைவான இடத்தில் சின்னத் துண்டு வெட்டித் தண்ணீருக்குள் அமுக்கி விடுங்கள். மேலே மிதந்து வந்தால் அது வாளி ஜாதி; பெயிண்ட் ஒட்டாது. மூழ்கினால் ஒட்ட வாய்ப்புண்டு. தெர்மகோலுக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அதற்குள் இருப்பது காற்றுதான்.

அழுத்தினால் அமுங்கும் மிருதுவான பி.வி.சி. பொம்மையும் தொல்லைதான். அதை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து பெயிண்டைப் பிசுபிசுக்க வைத்துக்கொண்டே இருக்கும். அட்டையும் சுடுமண்ணும் பெயிண்டைக் குடிக்கும். தண்ணீர் விட்டுக் கலக்கிய பெவிகாலை ஒரு கை பூசி, அது காய்ந்த பிறகு அடித்தால் ஒரு டப்பாவில் முடிகிற வேலைக்கு இரண்டு டப்பா செலவாகாது. இதைச் சொல்வதால் நமக்கு ஒரு டப்பா வியாபாரம் குறையும் என்று நினைக்க வேண்டாம். அவர் பெவிகாலையும் நம்மிடம்தான் வாங்குவார்.

இரண்டாவது கேள்வி: எந்த உலோகம்?

அலுமினியம் வேறு, எஃகு வேறு, இரும்பு வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே சில்வரை அடிப்பதால்தான் நம் பிள்ளைகளின் மாடல்கள் பண்டிகைக் காகிதம் சுற்றியது போல நிற்கின்றன. ராக்கெட் என்றாலே உச்சி முதல் அடி வரை சில்வர் அடிப்பது வழக்கமாகிவிட்டது. மகேந்திரகிரி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல்லும் நாட்டியாகிவிட்டது. ஏவப்படும் ராக்கெட்டின் புகைப்படத்தை ஒரு தரம் உற்றுப் பார்த்தால் அது அப்படி மின்னுவதில்லை என்பது தெரியும்.

உலோகங்களை வேறுபடுத்திப் பார்க்க நம் கடையை விட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. பழைய தராசின் பித்தளைத் தட்டு, வார்ப்பிரும்பு எடைக்கல், அலுமினியப் படி, எண்ணெய்த் தகர டின், எவர்சில்வர் டம்ளர் ஐந்தையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். எடைக்கல் கறுப்பு, கை பட்டுத் தேய்ந்த விளிம்பில் மட்டும் மினுங்கும். அலுமினியப் படி சாம்பல் பூத்த வெள்ளை. எவர்சில்வரில் தன் நிறமே இல்லை, எதிரில் இருப்பதுதான் தெரியும். பித்தளைத் தட்டின் நடு பளபளக்கும், ஓரம் பழுப்பு.

மாடலுக்கும் அப்படித்தான் கலக்க வேண்டும். எஃகு வேண்டுமானால் சில்வரில் ஒரு சொட்டுக் கறுப்பு. துப்பாக்கி உலோகம் வேண்டுமானால் கறுப்பில் கொஞ்சம் சில்வர். பழைய பித்தளைக்குத் தங்க நிறத்தில் துளி பழுப்பு. வார்ப்பிரும்புக்கு பெயிண்டே வேண்டாம். மங்கலான கறுப்பு அடித்து, காய்ந்த பிறகு பென்சில் ஊக்கைப் பொடித்து விரலால் விளிம்புகளில் தேய்த்தால் தேய்ந்த இரும்பு அப்படியே வந்துவிடும். கண்ணாடி போன்ற குரோமியத்துக்குச் சாப்பாடு சுற்றும் அலுமினிய பாயிலை மெல்லிசாகப் பசை தடவி ஒட்டினால் எந்த டப்பாவும் அதற்கு ஈடில்லை. பென்சிலும் பாயிலும் மளிகைக் கடையில் ஏற்கெனவே இருக்கிற சரக்குதானே!

அடியில் என்ன நிறம் இருக்கிறது என்பதும் முக்கியம். பளபளக்கும் கறுப்பின் மேல் அடித்த சில்வர், சாம்பல் நிறத்தின் மேல் அடித்ததை விட ஆழமாகத் தெரியும். தங்க நிறத்துக்குக் காவி அல்லது மஞ்சள் கலந்த பழுப்பை அடியில் கொடுத்தால் சூடேறிய பொன் போல நிற்கும். வெள்ளையின் மேல் அடித்தால் பித்தளையாகவே இளிக்கும். அடிப்பரப்பில் கீறல் இருந்தால் மெட்டாலிக் பெயிண்ட் அதை மறைக்காது, எடுத்துக் காட்டும். ஆகவே அறுநூறு, ஆயிரம் எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்த பிறகே பிரஷைத் தொட வேண்டும். பிரஷை ஒரே திசையில் இழுக்க வேண்டும். சுண்ணாம்பு அடிப்பது போல முன்னும் பின்னும் போனால் செதில்கள் கலைந்து கோடு கோடாகத் தெரியும்.

சின்ன மாடலுக்கு ஏன் தனி டப்பா?

விமான மாடல் செய்கிற தம்பி டமியா என்றும் ஹம்ப்ரால் என்றும் பெயர் சொல்லிக் கேட்பார். முதலாவது ஜப்பான் கம்பெனி, இரண்டாவது இங்கிலாந்துப் பெயர். ஹம்ப்ரால் டப்பா 14 மில்லி. டமியாவின் சின்னக் குப்பி 10 மில்லி. "இவ்வளவு சின்ன டப்பாவுக்கு இவ்வளவு விலையா?" என்று நமக்குத் தோன்றும். காரணம் இருக்கிறது. 1/72 அளவு மாடல் என்றால் அசலில் ஆறடி, மாடலில் ஓர் அங்குலம். ஜன்னல் கம்பி பெயிண்டில் 0.05 மில்லிமீட்டர் அகலச் செதில் இருக்கிறது என்று வையுங்கள். மாடலின் கணக்கில் அது 3.6 மில்லிமீட்டர். விமானத்தின் உடம்பெல்லாம் மிளகைத் தூவியது போலத் தெரியும்! இதற்காகவே மாடல் பெயிண்டில் தூளை மிக நுண்ணியதாக அரைக்கிறார்கள்.

1963-இல் நம் விமானப் படையில் சேர்ந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற மிக்-21 விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப காலத்தில் அது வண்ணம் பூசாத உலோக உடம்போடுதான் பறந்தது. அதையும் ஒரே சில்வரில் முடித்துவிட முடியாது. உடம்புத் தகடுகள் ஒவ்வொன்றும் சற்றே வேறு சாயல். பின்புறம் நெருப்புக் கக்கும் குழாயோ வெந்து பழுப்பும் நீலமும் ஏறியிருக்கும். இரண்டு சில்வர், ஒரு துப்பாக்கி உலோகம், ஒரு பழுப்பு என்று நாலு டப்பா வாங்க வேண்டிய வாடிக்கையாளர் அவர். ஆனால் இந்த உயர்ந்த ரகத்தை ஏரலிலும் முக்கூடலிலும் வாங்கி அடுக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பாளையங்கோட்டையிலும் வண்ணார்பேட்டையிலும் கல்லூரிப் பிள்ளைகள் வருகிற கடைக்கே அது சரிப்படும். கிராமத்துக் கடைக்கு அக்ரிலிக் மெட்டாலிக்கில் தங்கம், வெள்ளி, செம்பு மூன்றும், எனாமல் கறுப்பு ஒன்றும் இருந்தால் தாராளம்.

குலசைக் கிரீடமும் உப்புக் காற்றும்

1986 வரை நம் மாவட்டத்தில் இருந்து, இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் குலசேகரன்பட்டினத்தில், உலோகத்தால் செய்த வேல், வாள், சூலம் கொண்டுவரக் கூடாது என்று காவல் துறை அறிவித்து வருகிறது. ஆகவே மரமும் அட்டையும் பிளாஸ்டிக்கும்தான் உலோகம் போலத் தோன்ற வேண்டும். காளி வேடக்காரர் பத்து நாளும் அதைத் தலையிலும் கையிலும் சுமக்கிறார். நெற்றியில் வியர்வை, கடற்கரையில் உப்புக் காற்று. பித்தளைத் தூள் பெயிண்டுக்கு இதைவிடக் கெட்ட இடம் கிடையாது. மைக்கா கலந்த அக்ரிலிக்கை இரண்டு கை அடித்து, மேலே தண்ணீர் கலக்கும் வார்னிஷ் ஒரு கை கொடுத்தால் திருவிழா முடியும் வரை கவலையில்லை. வார்னிஷ் பூசினால் மினுமினுப்பு ஒரு மாற்றுக் குறையும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பாளையங்கோட்டை தசராவுக்குச் சப்பரம் கட்டுகிறவர்கள் ஒரே இரவுக்காகப் பளபளப்புத்தான் முக்கியம் என்பார்கள். அவர்களுக்குப் பித்தளைத் தூளே பொருத்தம்.

ஒரு விஷயத்தில் மட்டும் ‘இல்லை’ என்று சொல்லப் பழக வேண்டும். முகத்திலும் உடம்பிலும் பூச வேண்டும் என்று சில்வர் பெயிண்டோ தங்கத் தூளோ கேட்டால் கொடுக்கக் கூடாது. உடம்பில் பூசுவதற்கென்றே செய்த ஒப்பனைச் சாயம் தனியே உண்டு. கேக்குக்கும் லட்டுக்கும் மேலே தூவ வேண்டும் என்றாலும் இதே பதில்தான். பித்தளைத் தூள் மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இன்னும் ஆபத்து. நாலு காசு லாபத்துக்காகக் காளி வேடம் போட்ட ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அதே தெருவில் நாம் கடை நடத்த முடியாது.

அலுமினியத் தூளைப் பொட்டலமாகப் பிரித்து விற்பதும் வேண்டாத வேலை. மத்தாப்பின் வெண்ணொளிக்குச் சிவகாசியில் சேர்ப்பது இதைத்தான். கற்பூரத்துக்கும் தீப்பெட்டிக்கும் பக்கத்தில் இது இருக்கலாகாது. இதைச் சுண்ணாம்பில் கலந்து சுவருக்கு அடித்தால் பளபளக்கும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். சுண்ணாம்பு நீரில் அலுமினியம் ஹைட்ரஜன் வாயுவைக் கக்கும். மூடி வைத்த டப்பா வெடிக்கும்.

தின்னரைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பதையும் நிறுத்த வேண்டும். வீட்டில் குழந்தைக்கு அது குளிர்பானம்தான்.

இருப்பு வைப்பது

செதில்கள் கனமானவை, டப்பா சும்மா இருந்தால் அடியில் போய்க் கெட்டியாகிவிடும். வாரம் ஒருமுறை டப்பாக்களைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். விற்கும்போது, அடிவரை குச்சி விட்டுக் கலக்கச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் என்.சி. லாக்கர் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். வெயில் ஏறிய பிறகு அடிக்கச் சொல்ல வேண்டும். தென்காசிப் பக்கம் சாரல் நாட்களிலும் அப்படியே.

கண்ணில் படும் இடத்தில் ஒரு மாதிரிச் சரம் தொங்கவிட்டால் பாதிப் பேச்சு மிச்சமாகும். ஐஸ்கிரீம் பிளாஸ்டிக் ஸ்பூன்கள் பத்தை வாங்கி, பாதியில் கறுப்பும் பாதியில் வெள்ளையும் அடித்து, அவற்றின் மேல் நம்மிடம் இருக்கும் ஒவ்வொரு மெட்டாலிக் பெயிண்டையும் பூசி, டப்பாவின் பெயரை எழுதிக் கட்டிவிடுங்கள். எந்தத் தங்கம் வேண்டும் என்று வாடிக்கையாளரே விரலால் காட்டிவிடுவார்.

பழைய சரக்கை இப்போதே பிரித்துப் பாருங்கள். வீட்டு உபயோக, அலங்கார பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய தேதியிட்ட டப்பா மேல்தட்டில் கிடந்தால், அதைக் குழந்தை விளையாடும் பொருளுக்கு விற்கக் கூடாது. பொம்மையும் சேர்த்து விற்பவர்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்.

தசராவுக்கு வேண்டிய சரக்கை ஆடி கழிந்ததும் எழுதி அனுப்பிவிடுவது நல்லது. எனாமலும் தின்னரும் எளிதில் தீப்பற்றும் பொருள்கள் என்பதால் விமானப் பார்சலில் ஏற்றமாட்டார்கள். லாரியில்தான் வர வேண்டும். கடைசி வாரத்தில் கேட்டால் மொத்த வியாபாரியிடம் மிஞ்சியிருப்பது ஜன்னல் கம்பி பெயிண்டாகத்தான் இருக்கும்.